ஒத்தை இன்ஜின்ல பறக்கும்போது கீழ எதைப் பாத்துட்டே போறேன்

நான் செஸ்னாங்கற சின்ன ஒத்தை இன்ஜின் விமானம் ஓட்டறேன்னு தெரிஞ்சதும் யாரா இருந்தாலும் முதல்ல கேக்கறது ஒண்ணுதான், மேல போயிட்டிருக்கும்போது இன்ஜின் நின்னுட்டா என்ன ஆகும்னு. நின்ன அடுத்த நொடி விமானம் நேரா கீழ விழும்னுதான் நிறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. அப்படி விழாது. இறக்கை மேல காத்து ஓடற வரைக்கும் அது தாங்கும், காத்து ஓட வேகம் வேணும், அந்த வேகத்தை இன்ஜின் குடுக்கலேன்னா உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா செலவு பண்ணி வாங்கிக்கணும், அவ்ளோதான். செஸ்னா 172 எஸ் மாடல்ல முழு எடையோட 68 நாட் (மணிக்கு சுமார் 126 கிலோமீட்டர்) வேகத்துல வெச்சா, காத்தடிக்காத நாள்ல ஆயிரம் அடி உயரத்துக்கு ஒண்ணரை நாட்டிக்கல் மைல் போகும், நம்ம கணக்குல ரெண்டே முக்கால் கிலோமீட்டர். நேரமாப் பாத்தா ஆயிரம் அடி இறங்க ஒண்ணேகால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. தரையிலேர்ந்து 3000 அடில இருந்தா கையில நாலு நிமிஷம் இருக்கு.

அந்த நாலு நிமிஷம் போதுமா போதாதாங்கறது கீழ என்ன இருக்குங்கறதைப் பொறுத்தது. நான் பறக்கற கலிஃபோர்னியாவுல, கில்ராய் பக்கம் வயல் மேல இருந்தா தாராளம், சான் ஹோசே ஊருக்கு நடுவுல இருந்தா ரொம்பக் கம்மி, ரெட்வுட் காட்டு மேல இருந்தா அந்த நேரம் இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனால "நின்னா என்ன பண்ணுவ"ங்கறதை விட எனக்கு முக்கியமாப் படற கேள்வி வேற, இன்னைக்கு நான் போற வழில எந்தெந்த நிமிஷத்துல நின்னா எனக்குப் பதிலே இல்லங்கறது. இது மேல போய் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்ல, முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜைல சார்ட்டை, அதாவது பைலட்டுங்க வெச்சிருக்கற வரைபடத்தை, விரிச்சு வெச்சே கண்டுபிடிச்சிடலாம். இன்ஜின் நிக்காம பாத்துக்கறது ஓரளவுக்குத்தான் நம்ம கைல இருக்கு, ஆனா எது மேல இருக்கும்போது நின்னா பரவாயில்லைங்கறதை முடிவு பண்றது முக்கால்வாசி நம்ம கைலதான் இருக்கு. இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, லைசன்ஸ் வாங்கற வரைக்கும் எல்லாரும் நின்னப்புறம் செய்ய வேண்டியதை மனப்பாடம் பண்றோம், வழியையும் உயரத்தையும் தேர்ந்தெடுக்கறதுல இது பாதி முடிஞ்சிடுதுங்கறதை யாரும் அவ்ளோ பேசறதில்ல.

நான் பறக்கறது சான் ஹோசேல ரீட்-ஹில்வியூ ஏர்போர்ட்லேர்ந்து. அங்கேர்ந்து வாட்சன்வில் போறதையே எடுத்துக்கோங்க. கிட்டத்தட்ட நேர் தெற்கு, 24 நாட்டிக்கல் மைல், மேல ஏறிட்டா கால் மணி நேரப் பயணம். ஆனா குறுக்க சாண்டா குரூஸ் மலை இருக்கு. லோமா ப்ரியேட்டா சிகரம் 3700 அடிக்கு மேல, சரிவுல காடு, பள்ளத்துல ரெட்வுட் மரம், அங்கங்க ஒரு வீடு ஒரு வளைஞ்ச ரோடு, தட்டையான இடம்னு கண்ணுக்கு ஒண்ணும் படாது. தெற்கே அந்தத் திசைல போறதுக்கு விதிப்படி வர்ற உயரம் 3500, 5500, 7500. 3500-ல போனா லோமா ப்ரியேட்டாவோட தலையே நம்மளை விட உசரம், நடுவுல சில நிமிஷம் கண்டிப்பா பதில் கிடையாது. 5500-ல போனா மோர்கன் ஹில் பக்கத்து வயலும் வாட்சன்வில் பக்கத்து வயலும் கணக்குல எட்டற மாதிரிதான் தெரியும், ஆனா அந்தக் கணக்கு காத்து இல்லாதப்போ போட்டது, கடல் பக்கமிருந்து 20 நாட் எதிர்க்காத்து அடிச்சா இன்ஜின் இல்லாம மிதந்து போற க்ளைடு தூரத்துல முப்பது சதவீதம் போயிடும், நடுவுல இருக்கற மலை முகடும் வழிய மறிக்கும். 7500-ல போனா ரெண்டு பக்கத்துல ஏதோ ஒரு பக்கம் வெளிய வந்துடலாம். அதுக்கு என்ன பண்ணணும்னா மலைப் பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி பள்ளத்தாக்கு மேலயே சுத்திட்டே நிதானமா ஏறணும், அதுக்கு ஒரு பத்து நிமிஷம் பெட்ரோல் கூட ஆகும், ஆகட்டும்.

மூணாவதா ஒரு வழி இருக்கு. 101 நெடுஞ்சாலைய ஒட்டியே கில்ராய் வரைக்கும் போயி, அங்கேர்ந்து மேற்க திரும்பி 129-ஆம் நம்பர் ரோடு போற இடைவெளி வழியா வாட்சன்வில் பக்கம் வர்றது. பதினஞ்சு நாட்டிக்கல் மைல் சுத்து, எட்டு ஒம்பது நிமிஷம் கூட. வழியெல்லாம் வயல், நடுவுல சான் மார்ட்டின் ஏர்போர்ட் வேற இருக்கு. ஆளுங்களை ஏத்திட்டுப் போறப்போ நான் இந்த வழிலதான் போறேன், தனியாப் போனா 7500-ல மலையைத் தாண்டறேன்.

மாமனார் திண்டுக்கல்லேர்ந்து வந்திருந்தப்போ அவரைக் கூட்டிட்டுப் போனேன். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டினவர். கிளம்பறதுக்கு முன்னாடி சார்ட்டைக் காட்டி இப்படிச் சுத்திப் போறோம்னு சொன்னேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நேரா போனா கிட்டதான இருக்கு மாப்ள"ன்னாரு. "நடுவுல முழுக்க காடு மாமா"ன்னேன். "ஓ, நின்னுபோச்சுன்னா ஓரங்கட்ட எடம் இல்லையா"ன்னு உடனே பிடிச்சிட்டாரு. கொல்லிமலைல லோடோட இறங்கும்போது எந்தெந்த வளைவுல ஓரம் அகலமா இருக்குன்னு அவருக்கு மனப்பாடம், பிரேக் நல்லா இருக்கற நாள்லயும் அதைப் பாத்துட்டேதான் இறங்குவாராம். நான் வளவளன்னு விளக்க வேண்டியிருக்கற விஷயத்தை அவர் ஒத்தை வரில முடிச்சிட்டாரு, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

வழில போறப்போ இப்படி உயரத்தை வெச்சு சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத நேரம் ஏறின முதல் ஒரு நிமிஷம்தான். ரீட்-ஹில்வியூல ரன்வே 3100 அடி, 31-ல, அதாவது வடமேற்குப் பக்கமா, ஏறினா முன்னாடி வீடு, ஸ்கூல், ஃப்ரீவே. உயரமும் கம்மி, வேகமும் கம்மி, மூக்கு மேல தூக்கியிருக்கு. இந்த நிலைல நின்னா ரெண்டு மூணு நொடில வேகம் சரிய ஆரம்பிச்சிடும், உடனே மூக்கைக் கீழ தள்ளணும். எழுதறதுக்கு சுலபமா இருக்கு. முன்னாடி கண்ணாடி முழுக்க வீட்டுக் கூரையா தெரியறப்போ அந்தக் கூரையைப் பாத்து மூக்கைத் தள்ளறதுக்குக் கை வராது, உடம்பே பின்னாடி இழுக்கும், அதனாலதான் இதைத் திரும்பத் திரும்பப் பழகணும்.

அப்போ மனசு சொல்றது திரும்பிடு, ரன்வே பின்னாடிதான இருக்குன்னு. ஆனா பின்னாடி இருக்கறதுக்குத் திரும்ப 180 டிகிரி பத்தாது. ஒரு பக்கமா திரும்பும்போதே ரன்வே கோட்டை விட்டு விலகிடறோம், அதைப் பிடிக்க இன்னும் கொஞ்சம் திரும்பி, கடைசில மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்கணும், மொத்தத்துல 250, 270 டிகிரி வரைக்கும் வந்துடும். வேகமாத் திரும்பணும்னா சாய்வு அதிகமாகணும், 45 டிகிரி சாய்ச்சு உயரத்தைப் பிடிச்சா ஸ்டால் வேகம், அதாவது அதுக்குக் கீழ போனா இறக்கை தாங்காதுங்கற வேகம், 19 சதவீதம் ஏறும், 60 டிகிரின்னா 41 சதவீதம். 172-ல ஃபிளாப் (மெதுவா இறங்கறதுக்காக இறக்கையோட பின்பக்கம் கீழ இறக்கற பலகை) இல்லாம 48 நாட்ல ஸ்டால் ஆகறது 45 டிகிரில 57 நாட்டுக்கு வந்துடும். இதுக்கு மேல தரை கிட்ட வருதுன்னு பயந்து கன்ட்ரோலை இழுத்தா அங்கயே ஸ்டால் ஆகி ஒரு பக்கமா சுழண்டு போயிடும், அந்த உயரத்துல அதுலேர்ந்து மீள்றதுக்கு வாய்ப்பே இல்ல. வீட்டுக் கூரை மேல கன்ட்ரோலோட உக்காந்தவங்க பிழைச்சிருக்காங்க, இப்படி சுழண்டு விழுந்தவங்க பிழைக்கறது ரொம்ப அபூர்வம்.

திரும்பவே கூடாதுன்னு நான் சொல்லல. எந்த உயரத்துக்கு மேல திரும்பலாம்ங்கறதை மேல போயி அளந்து பாத்து முன்னாடியே முடிவு பண்ணணும்ங்கறேன். இன்ஸ்ட்ரக்டரோட 3000 அடிக்கு மேல போயி, ஏர்ற வேகத்துல ஏறிட்டு, இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கற த்ராட்டிலை மூடி, மனசுக்குள்ள நாலு வரைக்கும் எண்ணி (ஏன்னா நிஜத்துல முதல் சில நொடி நம்ப முடியாம உக்காந்திருப்போம்), அப்புறம் 45 டிகிரி சாய்ச்சு 270 டிகிரி திரும்பிப் பாத்தா எவ்ளோ உயரம் போச்சுன்னு தெரியும். எனக்கு ஐநூறு அடிக்கு மேல போகுது, அதோட பாதியைச் சேத்துக்கிட்டு, கடைசில நிமித்தி உக்கார வைக்கறதுக்கும் கொஞ்சம் சேத்து, தரையிலேர்ந்து ஆயிரம் அடின்னு வெச்சிருக்கேன். அதுக்குக் கீழ நின்னா நேரா முன்னாடி, இடமோ வலமோ முப்பது டிகிரிக்குள்ள. ரன்வேல ஏறி நிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் இதை வாய்விட்டு சொல்லிக்கறேன், இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம், இடது பக்கம் என்ன இருக்கு, வலது பக்கம் என்ன இருக்குன்னு. ஸ்கூல் மைதானத்தை லீவு நாள்ல மட்டும்தான் கணக்குல சேக்கறது.

இதுக்கு நல்ல உதாரணம் ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு. 2015 மார்ச் 5, சாண்டா மோனிகா ஏர்போர்ட், ரெண்டாம் உலகப் போர் காலத்து ரயன் பயிற்சி விமானம், அப்போ அவருக்கு 72 வயசு. ஏறி சுமார் 1100 அடில இருக்கும்போது இன்ஜின் சக்தி போயிடுச்சு. ரன்வேக்குத் திரும்ப ஆரம்பிச்சாரு, டவர்கிட்டயும் திரும்பி வர்றேன்னு சொல்லிட்டாரு, ஆனா எட்டாதுன்னு தெரிஞ்சதும் அதை விட்டுட்டு பக்கத்துல இருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்துல இறக்கினாரு. ஒரு மரத்தோட உச்சில இடிச்சுத்தான் இறங்கிச்சு, பலமான காயம், ஆனா பிழைச்சாரு, தரைல யாருக்கும் ஒண்ணும் ஆகல. காரணத்தை விசாரிச்ச என்டிஎஸ்பி, அதாவது அமெரிக்காவோட விபத்து விசாரணை அமைப்பு, என்ன சொல்லிச்சுன்னா, பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டர் உள்ள, பெட்ரோல் வர்ற துளையான மெயின் ஜெட் மரை கழண்டு வந்து பெட்ரோல் அளவுக்கு மீறிப் போயிருக்கு. வெளில நின்னு எவ்ளோ பாத்தாலும் தெரியற விஷயமே இல்ல அது. எனக்கு இதுல பெரிசாத் தெரியறது, திரும்பலாம்னு எடுத்த முடிவை நடுவுல கைவிட்டாரே, அதுதான். ரன்வே கண்ணுக்குத் தெரியறப்போ அதை விட்டுட்டு ஒரு புல்தரையைப் பாக்கறதுக்கு எவ்ளோ தெளிவு வேணும்.

இன்னொண்ணு இருக்கு, இதைப் பத்தி ஆஸ்திரேலியாவோட போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான ஏடிஎஸ்பி ஒரு நல்ல கையேடு போட்டிருக்கு. 2000-லேர்ந்து 2010 வரைக்கும் அங்க ஒத்தை இன்ஜின் விமானங்கள்ல ஏறினதும் இன்ஜின் முழுசா நின்னது 75 தடவை, அதுல ஒருத்தரும் சாகல. இன்ஜின் பாதி சக்தியோட தடுமாறினது 242 தடவை, அதுல ஒம்பது விபத்துல உயிர் போச்சு. முழுசா நின்னா என்ன பண்ணணும்னு சந்தேகமே இல்ல, முன்னாடி இறங்கியாகணும். பாதி ஓடறப்போதான், இன்னும் ஓடுதே, கொஞ்சம் திருப்பிப் பாக்கலாமே, எப்படியாவது ரன்வேக்கு இழுத்துட்டுப் போயிடலாமேன்னு ஆசை வரும், அந்த ஆசைல வேகத்தை விட்டுடுவோம். பாதி சக்திங்கறது அடுத்த நொடி இருக்குமான்னு தெரியாத சக்தி. அதனால நான் மனசுல வெச்சிருக்கறது, உயரத்தை ஏத்தவோ பிடிச்சு வைக்கவோ முடியலேன்னா நின்ன இன்ஜின் மாதிரியே நடத்தறது, பிடிச்சு வைக்க முடிஞ்சா சாய்வு கம்மியா, இறங்க இடம் இருக்கற பக்கமாவே பாத்துப் பாத்து ஏர்போர்ட்டுக்கு வர்றது.

இன்ஜின் ஏன் நிக்குதுன்னு பாத்தா உள்ள உடையறது மட்டும் இல்ல, நம்ம கவனக்குறைவால நிக்கறதும் நிறைய. பெட்ரோல் தீந்து போறது, ஒரு டேங்க்ல பெட்ரோல் இருந்தும் செலக்டரை (எந்த டேங்க்லேர்ந்து எடுக்கணும்னு திருப்பற குமிழ்) வேற டேங்க்ல வெச்சிருக்கறது, பெட்ரோல்ல தண்ணி. 172 எஸ்-ல உபயோகிக்கக் கூடியது 53 காலன், 200 லிட்டர். பகல்ல பறக்க அமெரிக்க விதிப்படி அரை மணி நேரத்துக்கு மீதி இருக்கணும், ராத்திரின்னா முக்கால் மணி, நான் எப்பவும் ஒரு மணி நேரத்துக்கு வெச்சுக்கறேன். உள்ள இருக்கற கேஜை நம்பறதில்ல, இறக்கை மேல ஏறி அளவுக்குச்சியை விட்டுப் பாக்கறது. அடில இருக்கற வடிகுழாயிலேர்ந்து சின்னக் குப்பில கொஞ்சம் பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாக்கணும், தண்ணி இருந்தா குமிழ் குமிழா அடில தனியா நிக்கும். ராத்திரி பனி விழுந்த மறுநாள் காலைல இதை அவசரமா முடிக்கறவங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும்.

கார்புரேட்டர் ஐஸ் தனியா சொல்லணும், ஏன்னா ஐஸ்னதும் குளிர் நாடுன்னு நெனச்சுக்கறோம். கிளப்ல இருக்கற பழைய 172 என் மாடல்ல கார்புரேட்டர்தான். வெளில 20 டிகிரி, ஆனா காத்துல ஈரம் இருக்கு, அப்பவும் உள்ள பெட்ரோல் ஆவியாகறப்போ வெப்பம் இறங்கி ஐஸ் கட்டும். வாட்சன்வில் மாதிரி கடற்கரை ஊர்ல இது சாதாரணமா வரக்கூடியது. முதல் அடையாளம் ஆர்பிஎம் சத்தமில்லாம கொஞ்சம் கொஞ்சமா இறங்கறது. அப்போ கார்புரேட்டருக்குள்ள சூடான காத்தை விடற கார்ப் ஹீட்டை இழுக்கணும். இழுத்ததும் உருகின தண்ணி இன்ஜினுக்குள்ள போகும், அப்போ முன்னாடியை விட மோசமா இருமி குலுங்கும், அதைப் பாத்து பயந்து ஹீட்டை அடைச்சிடறவங்க உண்டு. அடைக்கவே கூடாது, குலுங்கறதுன்னா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம், அப்படியே விட்டா சரியாயிடும்.

பயிற்சி எப்படி இருக்கும்னு சொல்றேன். சான் மார்ட்டின் தாண்டி தெற்கே, 3500 அடில நான் பாட்டுக்குப் போயிட்டிருப்பேன், ஏதோ பேசிட்டே இன்ஸ்ட்ரக்டர் த்ராட்டிலைப் பின்னாடி இழுத்துடுவாரு. சத்தம் அடங்கிடும். முழுசா இல்ல, ப்ரொப்பெல்லர் காத்துல சுத்திட்டேதான் இருக்கும், இறக்கைத் தாங்குகட்டைல காத்து உரசற சத்தம் அப்போதான் முதல்முறையா காதுல விழும். முதல் வேலை வேகம், 68-க்கு வர்ற வரைக்கும் மூக்கைப் பிடிச்சு, மூக்கை அதே நிலைல நிறுத்தி வைக்கற டிரிம்மைத் திருப்பி வெச்சிட்டா கை வேற வேலைக்குக் கிடைக்கும். ரெண்டாவது இடம். மூணாவதுதான் ஏன் நின்னுச்சுன்னு பாக்கறது, காக்பிட்ல கால்கிட்டேர்ந்து மேல நோக்கிக் கையை ஓட்டணும், செலக்டர் ரெண்டு டேங்க்லயும் இருக்கா, பெட்ரோல் காத்துக் கலவையை மாத்தற மிக்ஸ்சர் முழுசா உள்ள இருக்கா, த்ராட்டில், என் மாடல்னா கார்ப் ஹீட், எஸ் மாடல்னா பெட்ரோல் பம்ப், தீப்பொறி குடுக்கற மேக்னெட்டோ சாவி ரெண்டுலயும் இருக்கா. சரியாகலேன்னா, ரேடார்ல நம்மளைக் காட்டற ட்ரான்ஸ்பாண்டர்ல ஆபத்துக்கான 7700, ரேடியோல ஏற்கெனவே யாரோடயாவது பேசிட்டிருந்தா அவங்ககிட்டயே சொல்லிடறது, இல்லேன்னா அவசர அலைவரிசை 121.5. ரேடியோ கடைசி வேலைதான், அந்தப் பக்கம் இருக்கறவர் நம்மளைத் தூக்கிப் பிடிக்கப் போறதில்ல.

இடம் பாக்கறதுக்குக் கண்ணு பழகணும். மேலேர்ந்து பாத்தா பச்சையா எல்லாமே அழகா இருக்கும். கம்பி தெரியாது, அதனால கம்பத்தைத் தேடணும், ரெண்டு கம்பம் தெரிஞ்சா நடுவுல கம்பி இருக்குன்னே வெச்சுக்கணும். உழவு சாலோட போற திசைலதான் இறங்கணும், குறுக்க இறங்கினா முன்சக்கரம் மாட்டிக் கவிழும். மேடு பள்ளம் 1000 அடிக்குக் கீழ வந்தாதான் புரியும். காத்து எந்தப் பக்கம்னு குளத்துல அலை, டிராக்டர் கிளப்பற தூசி, எங்கயாவது புகை இதெல்லாம் சொல்லும். ரோடு ஆசை காட்டும், ஆனா ரோடுன்னா கம்பி, போர்டு, கார், அதுக்குள்ள ஒரு குடும்பம். பக்கத்துல சுமாரான வயல் இருந்தா தூரத்துல இருக்கற நல்ல வயலைத் தேடிப் போறதில்ல, முடிவு பண்ணினப்புறம் இடத்தை மாத்தறதும் இல்ல. வயலுக்கு மேலயே வட்டமடிச்சு உயரத்தைக் குறைச்சு, ரன்வேல இறங்கறதுக்கு முன்னாடி சுத்தி வர்ற சாதாரண சர்க்யூட் மாதிரி கொண்டு வந்து, வயலோட முதல் மூணுல ஒரு பங்கு தாண்டின இடத்தைக் குறி வெச்சு, கண்டிப்பா எட்டும்னு தெரிஞ்சப்புறம்தான் ஃபிளாப். உயரம் மிச்சமா இருந்தா ஸ்லிப் பண்ணி, அதாவது விமானத்தைப் பக்கவாட்டா வழுக்க விட்டு, கரைச்சிடலாம், பத்தலேன்னா எதுவும் பண்ண முடியாது. மூக்கைத் தூக்கி இன்னும் கொஞ்ச தூரம் இழுக்கலாம்னு தோணும், 68-லேர்ந்து எந்தப் பக்கம் போனாலும் தூரம் குறையத்தான் செய்யும். பயிற்சின்னா ஐநூறு அடி கிட்ட வரும்போது த்ராட்டிலைத் தள்ளிட்டு மேல ஏறிடுவோம், நடுநடுவுல கொஞ்சம் தள்ளி இன்ஜினைச் சூடா வெச்சுக்கறதும் உண்டு.

வயல் கிடைக்கலேன்னா? அதுக்கும் கணக்கு இருக்கு, எனக்கு தைரியம் குடுத்ததே இந்தக் கணக்குதான். அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவோட பறக்கும் கையேட்டுல போட்டிருக்கு, மணிக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் வேகத்துலேர்ந்து ஒரே சீரா 9 ஜி விசைல, அதாவது நம்ம எடையைப் போல ஒம்பது மடங்கு விசைல, நிக்கறதுக்கு 9.4 அடி தூரம் போதும். 100 மைல் வேகத்துலேர்ந்துன்னா 37.6 அடி. வேகம் ரெண்டு மடங்கானா நிக்கற தூரம் நாலு மடங்கு. 50 மைல் வேகத்துக்கு ஒரு காரோட நீளம் கூட வேணாம், அந்த தூரத்துக்குள்ள சீரா நிறுத்த முடிஞ்சா உள்ள இருக்கறவங்க பிழைக்கலாம். புதரு, சோளக்கொல்லை, வேலி, விமானத்தோட இறக்கை, சக்கரம் எல்லாத்தையும் இதுக்காகக் குடுத்துடலாம், உக்காந்திருக்கற கூண்டு முழுசா இருந்தா போதும். மரத்துக்குள்ளதான் போயாகணும்னா கூட, எவ்ளோ மெதுவா முடியுமோ அவ்ளோ மெதுவா, எதிர்க்காத்துல, மட்டமா, ஸ்டால் ஆகாம. இன்ஜின் நின்ன நொடிலேர்ந்து அந்த விமானம் இன்சூரன்ஸ்காரங்களோடதுன்னு நெனச்சுக்கணும். அதை உடையாம கொண்டு வரணும்னு ஆசைப்பட்டுத்தான் எட்டாத ரன்வேக்கு ஓடறாங்க.

தோள் பெல்ட் இந்தக் கணக்குல ரொம்பப் பெரிய பங்கு. ஃபோர்டோட காயம் அவ்ளோ மோசமானதுக்கு அந்தப் பழைய விமானத்துல தோள் பெல்ட் சரியா பொருத்தாததும் ஒரு காரணம்னு விசாரணைல வந்திருக்கு. அதனால கூட வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றதே இதுதான், பெல்ட்டை எப்படி இறுக்கணும், எப்படிக் கழட்டணும், கதவை எப்படித் திறக்கணும். இன்ஜின் நின்னு இறங்கறதா இருந்தா, தரையைத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கதவைத் திறந்து விடச் சொல்வேன், இடிச்சப்புறம் சட்டம் வளைஞ்சு கதவு மாட்டிக்கக் கூடாதுன்னு. பெட்ரோலை அடைச்சு, மிக்ஸ்சரை இழுத்து, ஃபிளாப் கரண்டுல ஓடறதுனால அதை இறக்கினப்புறம்தான் மொத்தக் கரண்டையும் நிறுத்தற மாஸ்டர் ஸ்விட்ச்சை அணைக்கறது. மாமனார்கிட்ட இதெல்லாம் சொன்னா பயந்துடுவாரோன்னு மனைவி கேட்டா, அவரு கதவுக் கைப்பிடியை ரெண்டு தடவை திறந்து மூடிப் பாத்துட்டு "ம், தெரியுது"ன்னுட்டாரு.

தண்ணி மேல அதிகம் போறதில்ல, போனா லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுட்டுதான் ஏறுவோம், உள்ள இருக்கும்போது ஊதக்கூடாதுன்னு சொல்லிடுவேன். ரெண்டு இன்ஜின் இருந்தா கவலை இல்லையான்னா, ஏறும்போது ஒண்ணு நின்னா மத்தது விமானத்தைப் புரட்டிடக் கூடிய வேகம்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தனிப் பயிற்சி வேணும்.

பாராசூட் வேற விஷயம், அதை நான் மதிக்கறேன். சிர்ரஸ் விமானத்துல முழு விமானத்தையும் தாங்கற பாராசூட் இருக்கு. 2015 ஜனவரில ஹவாய்க்குப் போயிட்டிருந்த ஒரு எஸ்ஆர்22, பெட்ரோல் ஒரு டேங்க்லேர்ந்து மத்ததுக்கு மாறாம போகவே, மாவி தீவுலேர்ந்து 250 மைல் தள்ளி கடல் மேல பாராசூட்ல இறங்கிச்சு, பைலட் ரப்பர் படகுல ஏறி ஒரு பயணிகள் கப்பல்ல பத்திரமா போய்ச் சேந்தாரு. காடு, கடல், ராத்திரி, இந்த மூணு இடத்துலயும் இதுக்கு இணையா எதுவும் இல்ல. ஆனா அதுக்கும் உயரம் வேணும், தரையிலேர்ந்து ஐநூறு அறுநூறு அடிக்குக் கீழ நின்னா அவங்களும் நம்மளை மாதிரியே முன்னாடிதான் இறங்கணும்.

எங்க 172-ல பாராசூட் இல்ல. அதனால ராத்திரில சாண்டா குரூஸ் மலையைத் தாண்டறதில்லைன்னு வெச்சிருக்கேன், 7500-ல கூட. பகல்ல எட்டற வயல் ராத்திரிலயும் எட்டும், ஆனா எது வயல் எது சரிவு எது கம்பின்னு தெரியாது. இருட்டினப்புறம் வாட்சன்வில்லேர்ந்து கிளம்பினா 101 வழியாத்தான், அதுவும் சான் மார்ட்டின் ரன்வே எட்டற உயரத்துக்குச் சீக்கிரம் ஏறிட்டு. நிலா இல்லாத நாள்ல, கடல் பக்கம் மூடுபனி வேற ஏற ஆரம்பிச்சிருந்தா, விமானத்தை அங்கயே கட்டிப்போட்டுட்டு வாடகைக் கார் எடுத்துட்டு 17-ஆம் நம்பர் ரோட்ல வீட்டுக்கு வந்துடறது, மறுநாள் காலைல போயி எடுத்துக்கலாம்.